நின்றுபோன எழுத்தைத் தையில் மறுபடி தொடங்குவது எப்படி?

மன்னார்குடியிலிருந்து தினமும் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் ஒருவரின் கேள்வி இது: “நாலு வருடத்துக்கு முன் என் இரண்டு சிறுகதைகள் பத்திரிகையில் வந்தன. அதற்கப்புறம் எல்லாமே பாதியில் நிற்கின்றன. ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் தினம் இரண்டு பக்கம் எழுதுவது என்று முடிவெடுக்கிறேன். பொங்கலோடு விட்டுப்போகிறது. இந்த வருடமாவது ஊக்கம் நிலைக்க என்ன வழி?”

உங்களிடம் ஊக்கம் குறையவில்லை. தொடங்கும் தேதி தப்பு, அளவு தப்பு, எழுதியதை வாங்கிப் படிக்க ஆள் இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் ஊக்கம் தானாகப் பின்னால் வரும். அது முதலில் வந்து நம்மைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் என்று இருப்பவர்கள்தான் வருடக்கணக்கில் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில் தேதி. ஜனவரி 1 டெல்டாவில் எப்படிப்பட்ட நாள் என்று பாருங்கள். சம்பாக் கதிர் முற்றிக்கொண்டிருக்கும், சில ஊர்களில் அறுப்பே தொடங்கியிருக்கும். வீட்டில் ஒட்டடை, வெள்ளையடிப்பு. பிறகு போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என நாலு நாள். அதற்கு முன்னும் பின்னும் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள். கொஞ்சம் நிலம் உள்ள வீடென்றால் அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைப்பதும் நெல்லைக் காயப்போடுவதும் கூடச் சேர்ந்துகொள்ளும். இந்த நெரிசலில் தினம் இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தால் 12, 13 நாளில் அறுந்துபோவது நிச்சயம். அறுந்த பிறகு வருகிற குற்ற உணர்வுதான் உண்மையில் கெடுக்கிறது. அந்த நோட்டைத் தொடக்கூட மனசு வராது, அடுத்த ஜனவரி வரை அது மூடியே கிடக்கும்.

அதனால் ஜனவரி 1-ல் புதிதாக எதையும் எழுதத் தொடங்காதீர்கள். அன்று கையிருப்பைக் கணக்குப் பாருங்கள். எழுத்தைத் தை 5-ம் தேதிக்கு மேல் தொடங்கி, சித்திரை 1 வரை ஓட்டுங்கள். ஒரு வருடத்துக்கு முடிவெடுப்பதைவிட அடுத்த தமிழ்ப் புத்தாண்டு வரைக்கும் முடிவெடுப்பது நிற்கும்.

பெரும்பாலான வருடங்களில் ஜனவரி 1 என்பது மார்கழி 17. பொங்கலுக்கு இன்னும் 13 விடியல் பாக்கி. நாலரை, ஐந்து மணிக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது. வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள், டீக்கடை திறந்துவிடுகிறது. சீக்கிரம் எழும் பழக்கத்தை ஊரே உண்டாக்கித் தரும் மாதம் இது, அதை வீணாக்கக் கூடாது. ஆண்டாளின் திருப்பாவையில் முப்பது பாட்டு. நாளுக்கு ஒன்றாக மாதம் முழுக்கப் பாடுகிறார்கள். ஒரே நாளில் பத்தைப் பாடிவிட்டு மீதி நாள் ஓய்வெடுப்பவர் யாருமில்லை. எழுத்துக்கும் இந்த அளவு முறைதான் வேண்டும்.

இந்த 13 விடியலில் தினம் 20 நிமிடம் பழைய நோட்டுகளுக்கு. இதைத் தூர் வாருவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். அதற்குள் ஆறும் வாய்க்காலும் தூர் வாரப்படவில்லையென்றால் அணை நிரம்பியிருந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. உங்களுக்கும் அணையில் தண்ணீர் இருக்கிறது. இரண்டு கதை வெளிவந்தவருக்கு எழுத வராது என்று சொல்ல முடியாது.

கையில் பென்சில் மட்டும் வைத்துக்கொண்டு படியுங்கள். பேனா எடுத்தால் உடனே திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள், அது வேறு வேலை. நன்றாக இருக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போதும். முக்கியமான வேலை, கதை நின்ற இடத்தில்தான். அந்த இடத்தில் ஓரத்தில் எழுதுங்கள்: இங்கே ஏன் நின்றது?

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நின்றிருக்கலாம். தெரிந்தும் சலித்துப்போய் நின்றிருக்கலாம். ஆனால் பாதிக் கதைகளைப் பொறுமையாகப் பார்த்தால் அதிகம் தென்படுவது மூன்றாவது காரணம்: அடுத்த காட்சி நடக்கும் இடத்தைப் பற்றி எழுதுகிறவருக்குப் போதிய விவரம் இல்லை. அண்ணன் தம்பி நிலத் தகராறு என்று கதை நன்றாகப் போகிறது. தம்பி பட்டா மாற்றத் தாலுகா ஆபீஸுக்குக் கிளம்புகிறான். அதோடு கதை நிற்கிறது. எழுதுகிறவர் ‘மூட் இல்லை’ என்று நினைக்கிறார். மூட் என்ன செய்யும்? எந்தக் காகிதம் கேட்பார்கள், சிட்டா எது அடங்கல் எது, யாரிடம் முதலில் போக வேண்டும், காத்திருப்பவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாமல் கை எப்படி ஓடும்? ஒரு அரை நாள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் ஆறு மாதமாக நின்ற கதை நகரும். எழுத்து வரவில்லை என்று சொல்லும் பலருக்கு விவரம்தான் வரவில்லை.

இப்படிப் பார்த்து முடிக்கும்போது உங்கள் நோட்டுகளில் நாலைந்து பாதிக் கதைகள் தேறும். ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவற்றை ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் வையுங்கள், சித்திரை வரை இறக்காதீர்கள். எல்லாம் மேஜையில் இருந்தால் ஒன்றில் சிக்கல் வரும்போதெல்லாம் இன்னொன்றுக்குத் தாவுவீர்கள். அப்படித்தான் நாலைந்தும் பாதியில் நின்றன.

அடுத்தது அளவு. தை 1 முதல் சித்திரை 1 வரை சுமார் 90 நாள். பொங்கல் நாட்கள், தை மாத முகூர்த்தங்கள், மாசி மகம், பங்குனி உத்திரம், வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை, ஒரு காய்ச்சல் என்று 20 நாளை முன்கூட்டியே கழித்துவிடுங்கள். மீதி 70 நாள். கோடு போட்ட நீள நோட்டில் ஒரு பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு ஆறு வார்த்தை என்றால் 150 வார்த்தை. எழுபது நாளுக்கு 10,500 வார்த்தை. இரண்டாயிரம் வார்த்தைக் கதை ஐந்துக்கு முதல் பிரதி எழுதும் அளவு இது. திருத்தி எழுதும் நாட்களையும் சேர்த்தால், எடுத்த பாதிக் கதையும் புதிதாக ஒன்றுமாக, சித்திரைக்குள் முழுமையாக முடிந்த கதை இரண்டு கையில் இருக்கும். நாலு வருடமாக ஒன்றும் முடியாதவருக்கு இது பெரிய விளைச்சல்.

இரண்டு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் பிடிக்கும். அது ஆபீஸ் நாளிலும் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும், பஸ் பிடிக்கிறவருக்கு வாரத்தில் நாலு நாள் அது கிடைக்காது. ஓடுகிற நாளில் மூன்று பக்கம்கூட எழுதுங்கள், தடையில்லை. ஆனால் நாளைக்கான கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். விட்டுப்போன நாளை ஈடுகட்டவும் வேண்டாம். மூன்று நாள் விட்டால் நாலாம் நாள் நாலு பக்கம் என்று கடன் ஏற்றிக்கொண்டால், கடனுக்குப் பயந்து நோட்டையே திறக்கமாட்டீர்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது. இரண்டாம் நாள் ராத்திரி பத்தரை மணியானாலும் மூன்று வரி எழுதிவிட்டுப் படுங்கள்.

நிறுத்தும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு எழாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, கீழே ஒரு வரி குறித்துவையுங்கள்: ‘அத்தை சாவியைக் கேட்கிறாள், இவள் தரமாட்டாள்.’ மறுநாள் விடியலில் வெறும் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது. நாற்று முடிகளைப் போட்டு வைத்த வயலில் நடவுக்கு இறங்குவது மாதிரி.

மூன்றாவது குறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதுகிறவர்கள் பலர் இதைத்தான் லேசாக நினைக்கிறார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் 1855-ல் பிறந்தவர். தன் வாழ்க்கை வரலாற்றை 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியபோது வயது 85-ஐ ஒட்டியிருந்தது. வாராவாரம் அத்தியாயம் போயாக வேண்டும். 1942-ல் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. ஆனாலும் 122 அத்தியாயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வயதில் அவ்வளவு பக்கம் வந்ததற்கு, அடுத்த வாரத்துக்குப் பக்கம் ஒன்று காத்திருந்தது பெரிய காரணம் என்றுதான் நினைக்கிறேன். கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தியின் கதையும் இதேதான். தமிழில் புதுக்கவிதைக்கு வழி திறந்தவர் பல வருடம் கவிதை எழுதாமல் இருந்தார். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதும், அறுபதை நெருங்கும் வயதில் மறுபடி கவிதைக்கு வந்தார். அவருக்குத் திறமை நடுவில் போய்த் திரும்பிவரவில்லை. கவிதையைக் கேட்டு வாங்கிப் போட ஒரு இடம் வந்தது.

உங்களுக்குப் பத்திரிகை ஆசிரியர் வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள் போதும். நாலு பேர் சேர்ந்த குழு இருந்தால் நல்லது. பதினைந்து பேர் என்றால் கூட்டமாகிவிடும், அங்கே பேச்சுதான் வளரும். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உங்கள்மேல் பிரியம் மட்டும் உள்ளவர் ‘பிரமாதம்’ என்பார், அதில் பிரயோஜனமில்லை. கதை படிக்கிற பழக்கம் உள்ளவராக, ‘எங்கே இந்த மாதக் கதை?’ என்று கூச்சமில்லாமல் கேட்பவராக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிளை நூலகத்துக்குத் தவறாமல் வருகிற ஒருவர், கூட வேலை பார்ப்பவர், யாராக இருந்தாலும் சரி. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறியுங்கள். முடிந்த மட்டும் எழுதியதைக் கையில் கொடுங்கள், பென்சிலும் கொடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த வரியில் மனசு வேறு பக்கம் போனது, அங்கே ஒரு புள்ளி வையுங்கள்’ என்று கேளுங்கள். புள்ளி விழுந்த இடங்களை நீங்களே பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இன்னொன்று, எழுதி முடிக்கும்வரை கதையை யாரிடமும் வாயால் சொல்லாதீர்கள். ஒருமுறை நன்றாகச் சொல்லி, கேட்டவரும் ரசித்துவிட்டால், எழுத வேண்டிய வேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி விஷயம் எங்கிருந்து எடுப்பது. டெல்டாவில் இருந்துகொண்டு எழுத ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நெல்லும் ஆறும் மட்டும்தான் டெல்டா என்று நினைத்துவிட வேண்டாம். எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை நாவலாக எழுதினார். தனக்குத் தெரிந்த தொழில், தெரிந்த தெரு. உங்களுக்குத் தெரிந்தது பஸ், ஆபீஸ், மன்னார்குடித் தெரு. அதில் ஆழமாகப் போகலாம்.

கவனிப்பது எப்படி என்பதை ஒரு இடத்தை வைத்தே சொல்கிறேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். இரண்டு மணி நேரம் நில்லுங்கள். போகாமலே எழுதினால் இப்படி ஒரு வரி வரும்: ‘அறுவடை முடிந்து விவசாயிகள் கவலையோடு காத்திருந்தார்கள்.’ இந்த வரியை யாரும் எங்கிருந்தும் எழுதலாம். போய் நின்றவர் குறிப்பில் இருப்பது வேறு. பனி விழுவதால் காலை ஒன்பது மணிவரை நெல்லின் மேல் மூடிய தார்ப்பாயை எடுக்கவில்லை. தார்ப்பாய் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் செங்கல், ஒரு பக்கம் பழைய டயர். எடுத்ததும் ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடக்கிறார். ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் 19 காட்டுகிறது. வழக்கமாக 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். “இன்னும் ஒரு வெயில் காயட்டும் ஆயா.” “நேத்தும் இதத்தானே தம்பி சொன்னே?” தூற்றிய நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைக்கிறார்கள். தைப்பவர் சணலைப் பல்லால் கடிக்காமல் சின்னக் கத்தியால் அறுக்கிறார். வானத்தைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.

இதில் ‘கவலை’ என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. 19-க்கும் 17-க்கும் நடுவில் இருக்கிற இரண்டே புள்ளியில் கதை இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இன்று பணம் வந்தால் எங்கே போக வேண்டியிருந்தது? அந்தக் கேள்வியிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.

குறிப்பு எடுக்கும்போது காதில் விழுந்த ஒரு பேச்சை அப்படியே, இலக்கணம் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எண் எழுதுங்கள்: விலை, எடை, நேரம், எதுவானாலும். பெயர் தெரியாத பொருளைக் கண்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள். ‘ஏதோ ஒரு கருவி’ என்று பிறகு எழுத முடியாது, கை நின்றுவிடும். உங்கள் உணர்ச்சியை மட்டும் குறிக்க வேண்டாம், அது எழுதும்போது வரும். ஆட்களின் பெயரை மாற்றி எழுதுவதும் ஊரைச் சற்று நகர்த்துவதும் மரியாதை.

பஸ்ஸில் கையால் எழுத முடியாது, குலுங்கும். அங்கே எழுத முயன்று தோற்க வேண்டாம். போகும்போது ஒரு விஷயம் மட்டும் கவனிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடுவூர் ஏரி வழியில்தானே இருக்கிறது; இந்தக் குளிர்மாதங்களில் பறவைகள் வந்திருக்கும், சன்னல் பக்கம் உட்கார்ந்தால் பார்க்கலாம். ஒரு வாரம் ஏரி, ஒரு வாரம் கண்டக்டர் சில்லறை கொடுக்கும் விதம், ஒரு வாரம் ஏறுகிறவர்கள் கையில் இருக்கும் பை. இறங்கியதும் ஸ்டாண்டில் நின்று இரண்டு வரி எழுதிவிட்டு நடங்கள்.

செல்போனில் பேசி எழுதவைக்கும் வசதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேகம்தான், ஆனால் ல, ள, ழ மாறும், ன, ண மாறும். அதைத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது, ‘நேத்தும் இதத்தானே’ என்பதை அது ‘நேற்றும் இதைத்தானே’ என்று ஆக்கிவிடுவது. தஞ்சாவூர்ப் பேச்சு போய்விடும். குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், உரையாடலைக் கையாலேயே எழுதுங்கள். கணினியில் அடிக்கும்போது யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் சேமித்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். நாலு வருடத்துக்கு முந்தைய கதைகள் அப்படி இருந்தால் முதலில் மாற்றி வையுங்கள்.

முதல் பிரதி முடிந்ததும் ஒரு வாரம் தொடக் கூடாது. பிறகு சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் வார்த்தை இரவல். முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும், முதல் பத்தி வெயிலையும் காற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும். அனுப்பும்போது ஒரு தனி நோட்டில் தேதி, தலைப்பு, எங்கே அனுப்பினோம் என்று பதிவு செய்யுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வரும்வரை அடுத்த கதையில் இருங்கள். திரும்பிவந்தால் அன்றைக்கே திருத்த உட்காராமல், பென்சில் புள்ளிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வேறு வரும். இருபது புத்தகம் வாங்கிவந்து அடுக்கினால் எழுதிய மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது, அது ஆபத்து. மூன்று வாங்குங்கள், சித்திரைக்குள் படித்து முடியுங்கள்.

சித்திரை 1 அன்று நோட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஐம்பது பக்கத்துக்கு மேல் இருந்தால் இதே முறையை மேட்டூர் திறக்கும்வரை தொடரலாம். முப்பதுக்குக் கீழே இருந்தால் நேரத்தை மாற்றுங்கள்: விடியல் ஒத்துவராதவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸிலேயே 15 நிமிடம் ஒத்துவரும். அளவையும் அரைப் பக்கமாக்குங்கள். கதையை மட்டும் மாற்றாதீர்கள். அன்றைக்கு நம் ஊர்களில் நல்லேர் பூட்டுவது வழக்கம். வயல் முழுவதையும் அன்று உழுவதில்லை, சில சுற்று ஓட்டிவிட்டு ஏரை அவிழ்த்துவிடுவார்கள். எடுத்த கதை முடிந்திருந்தால் பரணிலிருந்து அடுத்த பாதிக் கதையை இறக்கி, இல்லையென்றால் அதே கதையில், நீங்களும் அன்று ஒரு பக்கம் எழுதிவிட்டு நிறுத்துங்கள்.